பேரேட்டில் ஒரு கன்றுக்குட்டி

கணக்கியலும் வேளாண் வணிகமும் படிக்கும் மாணவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி உண்டு. மார்ச் 30 இரவு ஒரு பண்ணையில் பசு கன்று போடுகிறது. மறுநாளோடு கணக்கு ஆண்டு முடிகிறது. கன்றை யாரும் விற்கவில்லை, வாங்கவில்லை. ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. அந்த ஆண்டின் லாபத்தில் இந்தக் கன்று சேருமா?

மாடு வளர்ப்பவரைக் கேட்டால் யோசிக்காமல் சேரும் என்பார். நேற்றுத் தொழுவத்தில் ஐந்து உருப்படி, இன்று ஆறு. இதில் கேட்க என்ன இருக்கிறது? பழைய பாணிக் கணக்கர் ஒப்புக்கொள்ள மாட்டார். விற்காத பொருளுக்கு லாபம் எழுதக் கூடாது என்பது அவர் முதலில் படித்த பாடம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சின்னத் தகராறு பல நூறு ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

உலகமெங்கும் இன்று கற்பிக்கப்படும் இரட்டைப் பதிவு முறை இத்தாலிய வணிகர்களிடம் உருவானது. அதை 1494-இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலில் விளக்கி எழுதியவர் லூக்கா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி. அந்த வணிகர்களின் சரக்கு மிளகு, பட்டு, கம்பளி. கிடங்கில் வைத்தால் வைத்தபடி கிடக்கும். எலி கடிக்கலாம், ஈரம் ஏறலாம், ஆனால் தானாகப் பெருகாது. பிறகு ஆலைகளும் ரயில்களும் வந்தபோது தேய்மானம் என்ற தலைப்பு கணக்கில் நிலைபெற்றது. ஆக, பேரேடு எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: ஒரு சொத்து அப்படியே இருக்கும், அல்லது தேயும். கன்றும் தேக்கும் மீன்குஞ்சும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. தின்கின்றன, வளர்கின்றன, குட்டி போடுகின்றன, ஒருநாள் நம்மைக் கேட்காமல் செத்தும் போகின்றன.

உயிருள்ள சொத்துக்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை 2001-இல்தான் வந்தது. பெயர் ‘சர்வதேசக் கணக்கியல் தரநிலை 41: வேளாண்மை’. 2003 முதல் நடைமுறை. இந்தியாவிலும் அதே எண்ணில் ஒரு தரநிலை 2015-இல் அறிவிக்கப்பட்டு, பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் பொருந்தத் தொடங்கியது. கணக்கர்கள் எழுதிய ஆவணம்தான், ஆனால் சில பக்கங்கள் உயிரியல் பாடநூல் மாதிரி இருக்கும். வளர்தல், நலிதல், விளைதல், இனம் பெருகுதல் என்ற நான்கையும் சேர்த்து ‘உயிரியல் மாற்றம்’ என்று வரையறுக்கிறது. உயிருள்ள விலங்கும் தாவரமும் ‘உயிரியல் சொத்து’. ஒவ்வொரு கணக்கு நாளிலும் அதைச் சந்தை விலையையொட்டிய நியாய மதிப்பில், தரகு போன்ற விற்பனைச் செலவைக் கழித்து எழுத வேண்டும். போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆண்டின் லாபம் அல்லது நட்டம். விற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மார்ச் 30-இல் பிறந்த கன்று இந்தத் தரநிலைப்படி லாபக் கணக்கில் ஏறிவிடும்.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று பண்ணையில் இரண்டு வயதுக் கிடேரிகள் பத்து. ஒன்றின் விலை 30,000 ரூபாய். மொத்தம் 3 லட்சம். ஓராண்டு போகிறது. இப்போது அவற்றுக்கு வயது மூன்று. சந்தையில் மூன்று வயதுக் கிடேரி 40,000. பத்துக்கும் 4 லட்சம். கூடியது ஒரு லட்சம். இந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது? சந்தையில் அதே நாளில் இரண்டு வயதுக் கிடேரியின் விலையையும் விசாரிக்கிறோம்: 32,000. மாடு ஓர் அங்குலம்கூட வளராமல் இரண்டு வயதிலேயே நின்றிருந்தாலும் தலைக்கு 2,000 கூடியிருக்கும். ஆக விலையேற்றத்தால் வந்தது 20,000. மிச்சம் 80,000 மாடு உண்மையிலேயே வளர்ந்ததால் வந்தது. இடையில் பிறந்த ஒரு கன்று ஆண்டு முடிவில் 5,000 பெறும் என்றால் அதுவும் வளர்ச்சிப் பக்கத்தில் சேர்ந்து 85,000 ஆகும். தீவனம், வைத்தியம், ஆள்கூலி எல்லாம் வேறு வரிகளில் செலவாக நிற்கும்.

எனக்கு இந்தக் கணக்கியல் பிரிவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சந்தை கொடுத்தது இவ்வளவு, புல் கொடுத்தது இவ்வளவு என்று ஒரு மாட்டின் உடலில் இருந்து இரண்டு எண்களைத் தனித்தனியே உரித்தெடுக்க முடிகிறது. விலையேற்றம் அடுத்த ஆண்டு இறங்கிப் போகலாம். வளர்ச்சி பண்ணைக்காரரின் திறமை. இப்படிப் பிரித்துக் காட்டச் சொல்லித் தரநிலை ஊக்கப்படுத்துகிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருக்கலாம்.

உயிருள்ள சொத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்வி ஒன்றும் புதிதல்ல. முதல் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய கொலுமெல்லா, திராட்சைத் தோட்டம் லாபம் தருமா என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழு யூகெரா (உரோம நில அளவு) நிலம் 7,000 செஸ்டெர்ஸ் (உரோம நாணயம்). கொடியை நன்றாகப் பேணத் தெரிந்த ஒரு ஆளின் விலை 8,000. கொடிகளுக்கும் அவற்றைத் தாங்கும் கழிகளுக்கும் 14,000. ஆக 29,000. கொடி நட்ட இரண்டு ஆண்டுகளுக்குக் காய்ப்பில்லையே, அந்தக் காலத்துக்கு 6 சதவீத வட்டி 3,480. முதலீடு 32,480 செஸ்டெர்ஸ். காய்க்காத காலத்தின் வட்டியையும் முதலில் சேர்க்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள், இன்றைய நிதி மாணவர் செய்வதும் அதுதான். ஆனால் கொடியும் ஒருநாள் கிழடாகும் என்பதற்கு, அதாவது தேய்மானத்துக்கு, அவர் ஒன்றும் ஒதுக்கவில்லை. கணக்கியல் வரலாறு எழுதுவோர் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

மேலே ‘ஆளின் விலை’ என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள். கூலி இல்லை, விலைதான். தோட்டக்காரன் அடிமை. நிலத்துக்கும் கொடிக்கும் நடுவில் அவன் ஒரு முதலீட்டு வரி.

இது உரோமோடு போகவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலப் பருத்தித் தோட்டங்களில் 1840-களின் பிற்பகுதியிலிருந்து தாமஸ் அஃப்ளெக் என்பவர் தயாரித்த கணக்கேடுகள் விற்பனைக்கு வந்தன. நிரப்ப வேண்டிய கட்டங்களோடு அச்சடித்த பதிவேடு. அன்றாடம் யார் எவ்வளவு பருத்தி பறித்தார்கள் என்பதற்கு ஒரு படிவம், கருவிகளுக்கு ஒன்று, கால்நடைகளுக்கு ஒன்று. இன்னொன்று அடிமைகளுக்கு: பெயர், வயது, ஆண்டின் தொடக்கத்தில் மதிப்பு, ஆண்டின் இறுதியில் மதிப்பு. வளரும் சிறுவனின் எதிரே எண் கூடும். முதியவரின் எதிரே குறைந்துகொண்டே வந்து சுழியில் நிற்கும். வரலாற்றாய்வாளர் கெய்ட்லின் ரோசென்தால் 2018-இல் வெளியிட்ட நூல் இத்தகைய ஏடுகளை வரிவரியாகப் படித்து எழுதியது. ஆலை முதலாளிகள் பலருக்கும் தேய்மானம் இன்னும் பிடிபடாத காலத்தில், தோட்ட முதலாளிகள் மனித உடலின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அதில் தெரியவரும். கிடேரிக் கணக்கில் நான் ரசித்த அதே கழித்தல், அதே கூட்டல். கணக்கியல் வகுப்பில் பாச்சோலிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அஃப்ளெக்குக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

மரத்துக்கு வருவோம். மரம் விஷயத்தில் லாபம் எவ்வளவு என்பதோடு, எப்போது வெட்டுவது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில், நிலம்பூரில், கலெக்டர் கனோலியின் முயற்சியிலும் சாத்து மேனனின் மேற்பார்வையிலும் 1840-களில் தேக்கு நடப்பட்டது. கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். காட்டில் இருந்தது தீர்ந்துகொண்டிருந்தது. நட்டவர் வெட்டுவதைப் பார்க்க மாட்டார், அவ்வளவு நீண்ட முதலீடு. அதே பத்தாண்டின் கடைசியில், 1849-இல், ஜெர்மன் வன அதிகாரி மார்ட்டின் ஃபாஸ்ட்மான் ஒரு கட்டுரை வெளியிட்டார். வன நிலத்துக்கும் இன்னும் முதிராத மரங்களுக்கும் என்ன மதிப்பு என்பதே அதன் பொருள்.

முதல் பாதி யாருக்கும் பிடிபடும். இளமரம் வேகமாக வளரும். வயது ஏற ஏற வளர்ச்சி வீதம் குறையும். ஒரு தோப்பின் மரமதிப்பு இந்த ஆண்டு 10 லட்சம், அடுத்த ஆண்டு 10 லட்சத்து 50 ஆயிரம் என்றால் மரம் தரும் வட்டி 5 சதவீதம். வங்கி 7 தருமானால் வெட்டிப் பணத்தை வங்கியில் போடுவது மேல். ஃபாஸ்ட்மான் சேர்த்தது இரண்டாம் பாதி. மரம் நிற்கும் நிலமும் காத்திருக்கிறதே! கிழமரம் ஓர் ஆண்டு கூடுதலாக நின்றால் அடுத்த நாற்று ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது, அதற்கடுத்ததும் தள்ளிப்போகிறது, முடிவில்லாமல் எல்லாத் தலைமுறைகளும் தள்ளிப்போகின்றன. அந்தத் தாமதத்தின் விலையையும் கூட்டினால், வெட்டும் வயது முதல் கணக்கு சொன்னதைவிட முன்னாலேயே வந்துவிடும். முடிவிலாத் தொடர் ஒன்றைக் கூட்டி ஒரு துண்டு வெற்று நிலத்துக்கு விலை சொன்ன அந்தச் சூத்திரம் இன்றும் வனப் பொருளியலில் அவர் பெயரிலேயே வழங்குகிறது. நிலம்பூரில் கனோலி காலத்து மரங்கள் சில பாதுகாக்கப்பட்டு இன்னும் நிற்கின்றன. எந்த வட்டி வீதத்தில் போட்டாலும் எப்போதோ வெட்டியிருக்க வேண்டியவை. இப்போது மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

நியாய மதிப்புக்கு ஓர் ஆபத்து உண்டு. கிடேரிக்குச் சந்தை இருக்கிறது. எட்டு வயதுத் தேக்குக்கு யாரும் சந்தை கூட்டுவதில்லை. அப்போது என்ன செய்வார்கள்? இருபது ஆண்டு கழித்துக் கிடைக்கப்போவதை ஊகித்து, அதை வட்டியால் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். இருபது ஆண்டில் ஒரு கோடி கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் கழித்தால் இன்றைய மதிப்பு சுமார் 21 லட்சத்து 45 ஆயிரம். 10 சதவீதம் என்றால் 14 லட்சத்து 86 ஆயிரம். 12 என்றால் 10 லட்சத்து 37 ஆயிரம். மரம் அதேதான், மண் அதேதான். அலுவலகத்தில் ஒருவர் 12-ஐ 8 ஆக மாற்றினால் மதிப்பு இரட்டிப்புக்கு மேல் போகிறது. இப்படிப்பட்ட எண்ணை நிபுணர்களே முழுதாக நம்புவதில்லை. நார்வேயின் பெரிய சால்மன் வளர்ப்புக் கம்பெனிகள், கடலில் நீந்தும் மீனின் மதிப்பு ஏறி இறங்கியதை நீக்கிவிட்டுத்தான் தங்கள் செயல்பாட்டு லாபத்தை முதலீட்டாளர்களுக்குச் சொல்கின்றன.

விவரம் அறியாதவர்கள் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூர் போக வேண்டாம். 1990-களில் பத்திரிகை நிறையத் தேக்கு விளம்பரம் வந்தது. இன்று சில ஆயிரம், இருபதாண்டில் லட்சங்கள் என்றார்கள். போட்ட பணத்தைப் பலர் திரும்பப் பார்க்கவில்லை. இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 1999-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. பிறகு கொங்கு வட்டாரத்தில் ஈமு கோழி. குஞ்சும் கொட்டகையும் கொடுத்து, வளர்ப்புக் கூலியும் மாதாமாதம் தருவதாகச் சொல்லி வைப்புத்தொகை வாங்கினார்கள். 2012-இல் எல்லாம் சரிந்தபோது, கோழி இருந்தது, அதை வாங்கும் சந்தை இல்லை. தீவனம் போட ஆளில்லாத அந்தப் பறவைகளைக் கடைசியில் அரசு பராமரிக்க வேண்டியதாயிற்று. உயிருள்ள சொத்துக்கு மட்டுமே வரக்கூடிய சங்கடம் இது: மதிப்பு சுழியான பிறகும் அதற்குப் பசிக்கும்.

மதிப்பு இருக்கட்டும், எண்ணிக்கையாவது சரிதானா? சீனாவின் தாலியன் நகருக்கு அப்பால் மஞ்சள் கடலில் உள்ள தீவு சாங்ஸிதாவ். அதன் பெயரையே கொண்ட பங்குச்சந்தைக் கம்பெனி ஒன்று கடலடியில் ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பியை விதைத்து வளர்த்தது. 2014-இல், எதிர்பாராத குளிர்நீர்த்திரளால் ஏராளமான சிப்பிகள் போய்விட்டன என்று அறிவித்துப் பெரும் நட்டம் எழுதியது. 2018-இல், சிப்பிகள் இரை கிடைக்காமல் செத்தன என்றது. சிப்பிகள் ஓடிப்போயின என்று நாடே கேலி செய்தது. தணிக்கையாளர் என்ன செய்வார்? கிடங்கு என்றால் மூட்டையை எண்ணலாம். தொழுவம் என்றால் காதுவில்லையைப் பார்க்கலாம். கடலடியில் அங்கங்கே வலை போட்டு அள்ளிப் பார்த்து மொத்தத்தை ஊகிக்கத்தான் முடியும்.

உண்மை வானத்திலிருந்து வந்தது. சீனப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிப் படகுகளின் பெய்டோ செயற்கைக்கோள் தடங்களை எடுத்து, எந்தப் பகுதிகளில் உண்மையில் அறுவடை நடந்தது என்று வரைபடமாக்கியது. கணக்கில் காட்டிய பரப்பும் படகு ஓடிய பரப்பும் பொருந்தவில்லை. அறுவடைப் பரப்பைக் குறைத்துக் காட்டினால் அந்த ஆண்டின் செலவு குறையும், நட்டம் லாபமாகும். இல்லாத சிப்பி ஏட்டில் உயிரோடு இருக்கும், வசதியான ஓர் ஆண்டில் சாகடித்துக்கொள்ளலாம். 2020 ஜூனில் அபராதமும், தலைவருக்கு வாழ்நாள் சந்தைத் தடையும் விதிக்கப்பட்டன. சீனத் தரநிலை இத்தகைய சொத்தை அடக்கவிலையில்தான் எழுதச் சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழியை நியாய மதிப்பின் தலையில் மட்டும் போட முடியாது.

நியாய மதிப்புக்கு மலேசியாவிலிருந்து வந்த எதிர்ப்பு வேறு வகை. செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் குலை தள்ளும். சுமார் 25 ஆண்டு வரை வெட்டலாம். தரநிலை 41-இன்படி ஒவ்வோர் ஆண்டும் அந்த மரங்களை மதிப்பிட்டு ஏற்றத்தாழ்வை லாபத்தில் காட்ட வேண்டும். நிலத்தை விட்டுவிட்டு, நிற்கும் பன்னிரண்டு வயதுப் பனையை மட்டும் யார் வாங்குவார் என்று கேட்டார்கள் தோட்டக் கம்பெனிகள். பனை எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஆடினால் விற்கவே போகாத மரத்தின் மதிப்பும் ஆடி, கம்பெனியின் லாபம் தாறுமாறாகிறது. எங்களுக்கு மரம் ஒரு இயந்திரம், குலைதான் சரக்கு என்பது அவர்கள் வாதம். மலேசியா 2012-இல் சர்வதேசத் தரநிலைகளுக்கு மாறியபோதும் இவர்களுக்கு அவகாசம் கொடுத்தது. அது 2018 வரை நீண்டது. சர்வதேசத் தரநிலைகளை வகுக்கும் வாரியம் 2014 ஜூனில் இறங்கிவந்தது. ஓராண்டுக்கு மேல் காய்க்கும், மரமாகவே விற்கப்படாத தாவரம் ‘விளைச்சல் தாங்கும் தாவரம்’. 2016 முதல் அது ஆலை இயந்திரத்தோடு ஒரே வகை: அடக்கவிலை, அதில் ஆண்டுதோறும் தேய்மானம்.

ஆக, கணக்கைப் பொறுத்தவரை செம்பனைக்கும் தேயிலைச் செடிக்கும் ரப்பருக்கும் உயிர் போய்விட்டது. விசித்திரம் என்னவென்றால், அவற்றின் மேல் வளரும் விளைச்சலுக்கு உயிர் போகவில்லை. மரத்தில் தொங்கும் குலை, செடியில் துளிர்த்து இன்னும் பறிக்காத கொழுந்து, ஏன், மரத்துக்குள் ஓடும் ரப்பர் பால்கூட உயிரியல் சொத்துத்தான். நியாய மதிப்பில் எழுத வேண்டும். இந்தியத் தேயிலைக் கம்பெனிகள் மார்ச் 31 அன்று செடிமேல் நிற்கும் பச்சைக் கொழுந்துக்கும் ஒரு மதிப்பு போடுவது இதனால்தான். இலங்கை மலையகத்துத் தோட்டக் கம்பெனிகளின் அறிக்கையைப் பிரித்தால், தேயிலை ஒரு வகையிலும், வெட்டி விற்பதற்கென வளர்க்கும் யூகலிப்டஸ் போன்ற மரங்கள் வேறொரு வகையிலும் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று தேய்கிறது, மற்றது வளர்கிறது. நிற்பது ஒரே மலைச்சரிவில். வாழையை எந்த வகையில் சேர்ப்பது? தாய்மரம் ஒரு தார் போட்டுச் சாகிறது, பக்கக் கன்று தொடர்கிறது. சொத்து என்பது மரமா, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கா? மறுதாம்புக் கரும்புக்கும் இதே கேள்விதான். வகுப்பில் வாதம் முடிய மணி அடிக்க வேண்டும்.

விளைச்சல் மரத்தைவிட்டுப் பிரியும் நொடியில் தரநிலை 41 கையைக் கழுவிக்கொள்கிறது. மடியிலிருந்து பால் கறந்தவுடன் ஒரு மதிப்பு. அதன்பின் அது சாதாரணச் சரக்கு, பாலாடைக்கட்டியானால் ஆலைக் கணக்கு. இப்படி ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வேளாண்மை, அந்தப் பக்கம் தொழில் என்பது சரிதானா? ஹார்வர்டில் ஜான் டேவிஸும் ரே கோல்ட்பெர்க்கும் 1957-இல் எழுதிய நூலின் அடிப்படையே அந்தக் கோடு பொருளற்றது என்பதுதான். விதை, உரம், டிராக்டரில் தொடங்கி வயல் வழியாக ஆலை, கிடங்கு, கடை வரை எல்லாம் ஒரே சங்கிலி என்று சொல்லி அதை ‘அக்ரி பிசினஸ்’ என்றார்கள். துறைகள் ஒன்றிடமிருந்து ஒன்று என்ன வாங்குகின்றன என்று அட்டவணையிடும், பொருளியலாளர் லியான்டீஃபின் உள்ளீடு–வெளியீட்டு முறையை அதற்குப் பயன்படுத்தினார்கள். இன்று கோயம்புத்தூரிலும் ஹைதராபாத்திலும் அகமதாபாத்திலும் வேளாண் வணிகம் என்ற பெயரில் படிப்பு இருப்பது அந்தச் சொல்லின் வழியாகத்தான்.

சங்கிலி ஒன்றே என்று பேராசிரியர் சொல்லலாம். வரி அதிகாரிக்குக் கோடு வேண்டும். நம் அரசியலமைப்பில் வேளாண் வருமானத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு, மற்ற வருமானத்துக்கு மத்திய அரசுக்கு. சொந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, சொந்த ஆலையில் வாட்டி, நசுக்கி, புளிக்கவைத்து, உலர்த்தித் தூளாக விற்கும் கம்பெனியின் லாபத்தில் எவ்வளவு செடி தந்தது, எவ்வளவு ஆலை தந்தது? அளந்து சொல்ல வழியில்லை. வருமான வரி விதிகள் நெடுங்காலமாகத் தேயிலைக்கு ஒரே அடியாக 60:40 என்று பிரித்தன: 60 சதவீதம் வேளாண்மை, 40 சதவீதம் தொழில். ரப்பருக்குத் தொழில் பங்கு 35. காப்பியைப் பதப்படுத்தி மட்டும் விற்றால் 25. வறுத்து அரைத்து விற்றால் 40. கொழுந்தைப் பச்சையாகவே ஆலைக்கு எடை போட்டுவிடும் நீலகிரிச் சிறு விவசாயிக்கு இந்தப் பங்கீடு எதுவும் இல்லை. அவருக்கு நூறும் வேளாண்மைதான்.